சார்ஜருக்குத் தடை போட்டால் மின்பளு குறைந்துவிடுமா?

மின் விநியோக நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

"மின்மாற்றிகளின் திறன் மேம்படுத்தப்படும் வரை, குடியிருப்புப் பகுதிகளில் மின்சார வாகன சார்ஜர்களுக்கு இணைப்புக் கோரும் விண்ணப்பங்கள் நிறுத்தி வைக்கப்படுகின்றன" என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. எந்தெந்தப் பகுதி என்று அதில் இல்லை. எப்போது வரை என்றும் இல்லை. எந்த மின்மாற்றியில் எவ்வளவு பளு ஏறியிருக்கிறது என்பதற்கு ஓர் எண்கூட இல்லை. இந்த மூன்றும் இல்லாத உத்தரவை வாய்மூடி ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர். வீடுகளுக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் வயரிங் செய்வது என் தொழில். சார்ஜர் பொருத்துவதும் அதில் அடக்கம் என்பதால், இந்தத் தடையால் எனக்கு நட்டம் உண்டு. பிறகு யாரேனும் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் என்னை எழுதவைத்தது அந்த நட்டம் இல்லை. சுற்றறிக்கைக்குப் பிறகு நான் பழுதுபார்க்கப் போகும் வீடுகளில் காண்கிற காட்சிகள்தாம்.

வண்டி வாங்கியவர் யாரும் உங்கள் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. சார்ஜருக்கு இணைப்பு கிடையாது என்றதும், வண்டியோடு வந்த கேபிளை எடுத்து வீட்டிலுள்ள சாதாரண சாக்கெட்டில் மாட்டிவிட்டார்கள். அண்மையில் ஒரு வீட்டில் அப்படிப்பட்ட பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். அதன் பின்களில் ஒன்று மட்டும் நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி ஒரு பக்கமாக இளகி இறங்கியிருந்தது. சாக்கெட்டைக் கழற்றினால், பின்னைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைத் தகடு விறைப்பை இழந்து தளர்ந்து கிடந்தது. பின்னாலிருந்து வந்த கம்பியின் உறை, விரல் பட்டதும் பொடிந்தது. துணி துவைக்கும் இயந்திரத்துக்காக எப்போதோ போட்ட சாக்கெட் அது. அந்த வீட்டுக்காரர் கவனமில்லாதவர் அல்லர். முறைப்படி விண்ணப்பித்து, "நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்ற பதிலைப் பெற்றவர்.

இஸ்திரிப் பெட்டியும் வெந்நீர்க் கெட்டிலும் இதைவிடக் கூடுதலாகவோ இதே அளவிலோ மின்சாரம் இழுப்பவைதாம். ஆனால் அவை சில நிமிடங்கள் இழுக்கும், பிறகு ஓயும். சூடேறிய இணைப்பு ஆறிக்கொள்ளும். வண்டி 10 ஆம்பியரை எட்டு மணி நேரம் இடைவெளியே இல்லாமல் இழுக்கும். தளர்ந்த ஓர் இணைப்பு கருகுவதற்கு அவ்வளவு நேரம் தாராளம். இன்னும் சிலர் நீட்டிப்புக் கேபிளை ஜன்னல் வழியாகக் கீழே இறக்கியிருக்கிறார்கள். மீதிக் கேபிளை உருளையில் சுற்றியபடியே விட்டிருக்கிறார்கள். சுற்றிவைத்த கேபிளின் வெப்பம் வெளியேற வழி இல்லை என்பதை உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் செய்திருந்தால் தனிச் சுற்று, தகுந்த பருமனில் கம்பி, ஒழுங்கான எர்த், மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.டி. எல்லாம் இருந்திருக்கும். உங்கள் பதிவேட்டிலும் ஒரு வரி ஏறியிருக்கும். இப்போது அந்த வரி இல்லை. மின்பளு மட்டும் இருக்கிறது. அதுவும் மாலையில் எல்லாரும் வீடு திரும்பும் நேரத்தில்! விண்ணப்பம் வந்துகொண்டிருந்தவரை, எந்தத் தெருவில் எத்தனை வண்டி என்பதாவது உங்களுக்குத் தெரிந்திருந்தது. இப்போது அதையும் இழந்துவிட்டீர்கள்.

உங்கள் அச்சம் வீணானது என்று நான் சொல்லவில்லை. நூறு வீடுகள் உள்ள ஒரு தெருவில் வீட்டுக்கு 5 கிலோவாட் அனுமதித்திருந்தால், கூட்டுத்தொகை 500 கிலோவாட். அங்கே அதில் ஏறத்தாழப் பாதியைத் தாங்கும் 250 கே.வி.ஏ. மின்மாற்றியை வைத்துச் சமாளித்துவிடலாம். அதில் தவறும் இல்லை. ஒரு வீட்டில் மோட்டார் ஓடும்போது அடுத்த வீடு பூட்டியிருக்கும். எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை என்ற கணக்கில்தான் உலகத்தின் எல்லா ஊர்களிலும் கம்பிகள் ஓடுகின்றன. வண்டிகள் கை வைப்பது அந்தக் கணக்கில்தான். 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் இழுக்கும் வீட்டு சார்ஜர் ஒன்றுக்கு 7.4 கிலோவாட் வேண்டும். வேலை முடிந்து வரும் இருபது பேர் ஒரே வேளையில் செருகினால் 148 கிலோவாட், அதுவும் மணிக்கணக்கில். பற்றாததற்கு, இவை பெரும்பாலும் ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) சார்ஜர்கள். மூன்று ஃபேஸ்களில் ஒன்றில் மட்டும் குவிந்தால், மொத்தப் பளு குறைவாக இருந்தாலும் அந்த ஒரு ஃபேஸில் வோல்டேஜ் இறங்கும், மின்னோட்டம் திரும்பும் நியூட்ரல் கம்பி சூடேறும். தெருக்கோடி வீட்டில் விளக்கு மங்கும்.

எல்லாம் சரி. ஆனால் இந்தச் சிக்கல் எங்கே, எந்த நேரத்தில் வரும் என்று பார்த்திருக்கிறீர்களா? நான் வேலை செய்யும் பகுதியிலுள்ள ஒரு மின்மாற்றியின் உச்சப் பளு எவ்வளவு என்று கேட்டேன். தந்த விடை, அதில் இணைந்துள்ள வீடுகளுக்கு அனுமதித்த பளுவின் கூட்டுத்தொகை. அளந்த கணக்கு இல்லை என்றார்கள். மேலே சொன்ன அந்த 500 கிலோவாட்டைப் போன்ற எண்தான் அது. எந்த நாளும், எந்த மணியிலும் உண்மையாக ஓடாத பளு. அதை வைத்துப் பார்த்தால் எந்தத் தெருவிலும் ஒரு மின்விசிறிக்குக்கூட இடம் இருக்காது. நீங்கள் வைத்திருக்கும் பதிவேட்டில் ஒரு ஃபேஸ், கம்பத்தில் ஏறிப் பார்த்தால் வேறு ஃபேஸ் என்பதும் எனக்குப் பழகிப்போன ஒன்று. பதிவேட்டைக் குறை சொல்லி என்ன பயன். புயலடித்த இரவில் எந்த ஃபேஸில் மின்சாரம் இருக்கிறதோ அதில் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகும் லைன்மேனுக்கு அதை எழுதிவைக்க நேரமா இருக்கிறது?

மின்மாற்றியைப் பற்றி இன்னும் கொஞ்சம். உள்ளே சுருளைச் சுற்றியிருக்கும் காகிதக் காப்புதான் அதன் ஆயுள். எண்ணெயில் ஊறிய சாதாரணக் காகிதம், மிகச் சூடான புள்ளியில் 98 டிகிரி செல்சியஸ் இருந்தால் வழக்கமான வேகத்தில் மூப்படையும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் மூப்பின் வேகம் இரட்டிப்பாகும். இது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் வழிகாட்டியில் உள்ள கணக்கு. இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், குளிர்ந்த இரவில் சில மணி நேரம் பெயர்ப்பலகையில் உள்ள அளவைத் தாண்டினால் மின்மாற்றி வெடித்துவிடாது. வெப்பமான நாளின் மாலையில் அதே பளு கெடுதல். இரவு முழுவதும் பளு இறங்கவே இல்லை என்றால் அதுவும் கெடுதல்; ஆறுவதற்கு இரவு ஒன்றுதானே அதற்கு இருக்கிறது. ஆக, "திறன் போதாது" என்று ஒற்றை வரியில் முடித்துவிடக்கூடிய செய்தி இல்லை இது. எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று அளந்து சொல்ல வேண்டியது. எண்ணெயின் வெப்பநிலையைக் காட்டும் ஒரு மானியும், வீடுகளுக்கு மின்சாரம் போகும் கீழ் மின்னழுத்தப் பக்கத்தில் மூன்று ஃபேஸுக்கும் ஒரு பளு பதிவுக் கருவியும் பொருத்தினால் ஒரு வெயில் பருவத்துக்குள் உண்மை தெரிந்துவிடும். ஸ்மார்ட் மீட்டர் வைத்த இடங்களில் அதுகூட வேண்டாம். வீடுகளின் அரைமணி நேர அளவீடுகளை மின்மாற்றிவாரியாகக் கூட்டினாலே போதும். எந்த வீடு எந்த மின்மாற்றியில் என்ற பட்டியல் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மின்சாரமே போதாது என்ற பேச்சும் அடிபடுகிறது. அதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு கார் கிலோமீட்டருக்கு 150 முதல் 200 வாட் மணி வரை செலவழிக்கும். நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் 6 முதல் 8 யூனிட் (ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட்). சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2023இல் உலகத்தில் ஓடிய மின்சார வாகனங்கள் அனைத்தும் சேர்ந்து பயன்படுத்தியது உலகின் மொத்த மின் நுகர்வில் ஏறத்தாழ 0.5 சதவீதம். இந்த விகிதம் ஏறிக்கொண்டே போகும். ஆனால் நம் சிக்கல் மின் நிலையத்தில் இல்லை, தெருமுனையில் இருக்கிறது.

நான் வயரிங் செய்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கட்டடத்துக்கு வரும் மெயின் இணைப்பு ஃபேஸுக்கு 100 ஆம்பியர். பன்னிரண்டு பேர் சார்ஜர் கேட்டார்கள். ஃபேஸுக்கு நான்கு என்று பிரித்தாலும், நான்கும் சேர்ந்தால் 128 ஆம்பியர். விளக்கும் மின்தூக்கியும் இல்லாமலே மெயின் தாங்காது. முதலில் குடியிருப்போர் தாங்களே ஒரு வழி கண்டார்கள். கட்டணம் குறையும் நேரம் தொடங்கியதும் சார்ஜ் ஏறும்படி, ஆளுக்கு ஆள் வண்டியில் டைமரை வைத்துக்கொண்டார்கள். மணி அடித்ததும் எல்லா வண்டிகளும் ஒரே நொடியில் தொடங்கின. கட்டடமே இருண்டது. மலிவு நேரக் கட்டணத்தை மட்டும் நம்பி இருக்கும் எல்லா இடங்களிலும் இது நடக்கும். மாலை உச்சத்தை நள்ளிரவுக்கு மாற்றிவைத்ததுதான் மிச்சம். பிரிட்டன் இதை முன்கூட்டியே உணர்ந்து, 2022 ஜூன் முதல் விற்கப்படும் தனியார் சார்ஜர்கள் ஒவ்வொன்றும் 10 நிமிடம் வரையிலான ஏதோ ஒரு தாமதத்துடன்தான் தொடங்க வேண்டும் என்று விதித்துவிட்டது. வார நாள்களில் மாலை உச்ச நேரத்தைத் தவிர்ப்பதும் அந்தச் சார்ஜர்களின் முன்னிருப்பு அமைப்பு, வேண்டாதவர் மாற்றிக்கொள்ளலாம்.

அந்தக் கட்டடத்தில் பிறகு நாங்கள் செய்தது இது. மெயின் கேபிளின் மூன்று ஃபேஸிலும் மின்னோட்டத்தை அளக்கும் வளையங்களை மாட்டி, அவற்றை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியோடு இணைத்தோம். சார்ஜருக்கும் வண்டிக்கும் இடையே ஓடும் கேபிளுக்குள் மெல்லிய சமிக்ஞைக் கம்பி ஒன்று உண்டு. "இப்போது இவ்வளவுதான் எடுக்கலாம்" என்று சார்ஜர் அதன் வழியாகச் சொல்லும், வண்டி கேட்டுக்கொள்ளும். 6 ஆம்பியர் வரை குறைக்கலாம். அதற்கும் கீழே என்றால் நிறுத்திவைத்து முறை வைத்துக் கொடுக்க வேண்டும். மாலையில் வீடுகளின் பளு ஏறும்போது வண்டிகள் தாமாகத் தணிந்துகொள்ளும். பின்னிரவில் கட்டடம் 30 ஆம்பியருக்கு இறங்கியதும், பாதுகாப்புக்கு 10 ஆம்பியர் ஒதுக்கினால், ஃபேஸுக்கு 60 ஆம்பியரை நான்கு வண்டிகள் பகிர்ந்துகொள்ளும். தலைக்கு 15 ஆம்பியர், ஏறத்தாழ 3.4 கிலோவாட். ஆறு மணி நேரத்தில் 20 யூனிட். நூறு கிலோமீட்டர் ஓட்டம். மெயினை மாற்றவில்லை, உங்களிடம் கூடுதலாக ஓர் ஆம்பியர்கூடக் கேட்கவில்லை. காலையில் வண்டி போதிய சார்ஜ் இல்லாமல் நின்றது என்று யாரும் என்னைக் கூப்பிட்டதும் இல்லை.

உங்கள் சுற்றறிக்கைப்படி, இப்படியொரு கட்டடம் இன்று விண்ணப்பித்தால் நிராகரிக்கப்படும். ஏனெனில் படிவத்தில் சார்ஜர்களின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றின் திறனையும் பெருக்கிப் போடத்தான் கட்டம் இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியைக் குறிப்பிட இடமில்லை.

உங்கள் இடத்தில் இருந்தவர்கள் வேறு நாடுகளில் என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். ஜெர்மனியில் 2024 ஜனவரி 1 முதல், மின் வலையமைப்பில் நெருக்கடி என்று காரணம் காட்டி வீட்டு சார்ஜருக்கு இணைப்பை மறுக்கவோ தள்ளிப்போடவோ விநியோக நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை. பதிலாக வேறோர் அதிகாரம் தந்திருக்கிறார்கள்: உண்மையிலேயே பளு மிகும் நேரத்தில் புதிய சார்ஜரை 4.2 கிலோவாட் வரை தணிக்கலாம். வீட்டின் மற்ற மின்சாரத்தில் கை வைக்கக்கூடாது. இதற்கு ஈடாக நுகர்வோருக்கு வலையமைப்புக் கட்டணத்தில் குறைப்பு. தடையைவிட இது உங்களுக்கே அல்லவா நல்லது? கட்டுப்பாடு உங்கள் கைக்கு வருகிறதே.

நார்வேயை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார்கள். நான் அதை அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டேன். அங்கே வீடுகளைச் சூடேற்றுவதே மின்சாரத்தால்தான் என்பதால் கம்பிகள் முன்பிருந்தே தடிப்பானவை. ஆனாலும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2022 ஜூலையில் வீடுகளின் வலையமைப்புக் கட்டணத்தையே மாற்றி, எத்தனை யூனிட் என்பதோடு எவ்வளவு உச்சம் என்பதற்கும் கட்டணம் வைத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிடுபவர் கூடுதலாகக் கட்டுகிறார்.

பிரிட்டனில் 2013 முதல் 2015 வரை, தெருத் தெருவாக மின்சாரக் கார்களைக் கொடுத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 3.5 கிலோவாட்டில் சார்ஜ் செய்தால், 40 முதல் 70 சதவீத வீடுகளுக்கு வண்டி வரும்போது நாட்டின் கீழ் மின்னழுத்தப் பாதைகளில் 32 சதவீதத்துக்கு ஏதேனும் செய்தாக வேண்டும் என்று முடிவு வந்தது. இதை அச்சமூட்டும் எண்ணாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது வேலைத் திட்டமாகத் தெரிகிறது. மூன்றில் இரண்டு பாதைகளைத் தொடவே வேண்டாம். மீதி எது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றையும் பூட்டிவைத்திருக்கிறீர்கள்.

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து இருக்கிறது. வலையமைப்பில் இடமில்லாமல் அங்கே தொழில் நிறுவனங்கள் இணைப்புக்கு வரிசையில் காத்துக்கிடக்கின்றன. ஆனால் எங்கே இடம் உண்டு, எங்கே இல்லை என்பதை அவர்கள் வரைபடமாக வெளியிட்டிருக்கிறார்கள். யாரும் பார்க்கலாம்.

வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரத்தைத் திருப்பி வலையமைப்புக்கு வாங்கலாம் என்ற யோசனையைக் கூட்டங்களில் நிறையப் பேசுகிறீர்கள். டென்மார்க்கிலும் வேறு இடங்களிலும் செய்து காட்டியிருக்கிறார்கள், வரட்டும். முதலில் வண்டிக்குள் மின்சாரம் ஒழுங்காகப் போக வழி செய்யுங்கள்.

இன்னொரு வழக்கமும் உங்களிடம் உண்டு. மின்மாற்றி ஏறக்குறைய நிரம்பிய பிறகு விண்ணப்பிப்பவரிடம், புதிய மின்மாற்றியின் முழுச் செலவையும் கேட்கிறீர்கள். அவருக்கு முன்னால் வந்தவர்கள் எதுவும் கட்டவில்லை. அவருக்குப் பின்னால் வருபவர்கள் அவர் காசில் இணைப்புப் பெறுவார்கள். இதனால் யாரும் அந்தக் கடைசி விண்ணப்பத்தைப் போடுவதில்லை. சாதாரண சாக்கெட்டில் செருகிக்கொள்கிறார்கள். தனி வாகன நிறுத்துமிடம் உள்ளவருக்கு அதுவாவது முடிகிறது. வாடகை வீட்டில் இருப்பவரும், இரு சக்கர வண்டியில் நாளெல்லாம் ஓடிப் பிழைப்பவரும் மாடிப்படிக்குக் கீழே, ஆள்கள் இறங்கி ஓட வேண்டிய ஒரே வழியில், பேட்டரியை வைத்து சார்ஜ் செய்கிறார்கள். அந்த இடத்தில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். உண்மையில் நிரம்பிய மின்மாற்றிகள் இருந்தால் அவற்றின் பட்டியலை, அளந்து பார்த்த உச்சப் பளுவோடும் மேம்படுத்தும் தேதியோடும் வெளியிடுங்கள். பட்டியலில் இல்லாத இடங்களில் விண்ணப்பங்களை 30 நாள்களுக்குள் முடித்துக் கொடுங்கள்.

பட்டியலில் உள்ள இடங்களிலும் மறுக்காதீர்கள், நிபந்தனையோடு கொடுங்கள். உச்ச நேரத்தில் தணிக்கும் அதிகாரத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அளவுக்குக் கீழே தணிக்கமாட்டீர்கள், எத்தனை மணி நேரத்துக்கு மேல் தணிக்கமாட்டீர்கள் என்பதை எழுத்தில் உறுதி கொடுங்கள். அதற்கு ஈடாகக் கட்டணச் சலுகையும் வேண்டும்.

ஏற்கெனவே சாதாரண சாக்கெட்டில் சார்ஜ் செய்துகொண்டிருப்பவர்கள் அபராதம் இல்லாமல் பதிவு செய்துகொள்ள ஆறு மாத அவகாசம் தாருங்கள். பதிவு செய்ததும் உங்கள் ஆள் வந்து, எந்த ஃபேஸில் இணைக்க வேண்டும் என்று அளந்து சொல்லட்டும். தனிச் சுற்றும் ஆர்.சி.டி.யும் போட்டதற்கு என்னைப் போன்ற ஒப்பந்ததாரர்கள் கையொப்பமிட்ட சான்று தருவோம். தவறாகச் சான்று கொடுத்தவரின் உரிமத்தை ரத்து செய்யுங்கள்.

அடுக்குமாடிக் கட்டடங்களுக்கான படிவத்தை மாற்றுங்கள். பளுவைக் கட்டுப்படுத்தும் பெட்டி இருந்தால், அது அனுமதிக்கும் உச்ச அளவையே விண்ணப்பப் பளுவாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

மலிவு நேரக் கட்டணம் எல்லாருக்கும் ஒரே நிமிடத்தில் தொடங்கக்கூடாது. பகுதிக்குப் பகுதி நேரத்தை மாற்றியோ, சார்ஜரிலேயே தாமதத்தைக் கட்டாயமாக்கியோ ஒழுங்குமுறை ஆணையத்திடம் முன்மொழிவு அனுப்புங்கள்.

மின்மாற்றி மாற்றும் செலவைக் கடைசியாக வந்த ஒருவர் தலையில் கட்டாதீர்கள். அந்த மின்மாற்றியால் பயன்பெறும் எல்லாரிடமும் தவணையாக வாங்குங்கள். அல்லது நிறுவனத்தின் முதலீடாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான் வேலை செய்யும் பகுதியின் மின்மாற்றிகளில் பளு பதிவுக் கருவியை எப்போது பொருத்துவீர்கள் என்பதற்கு மட்டுமாவது, தேதி குறிப்பிட்டு எழுத்தில் பதில் அனுப்புங்கள். ஃபேஸ் சரிபார்க்க உங்கள் ஆள்கள் வரும்போது, நான் வயரிங் செய்த கட்டடங்கள் அனைத்தின் வரைபடங்களையும் கட்டணமின்றித் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் ஒருவர்